ஆறுகிற நேரம்

ஆடி மாதத்துச் சனிக்கிழமை இரவில் எங்கள் தெரு தூங்காது. மறுநாள் ஞாயிறு, பெரியபாளையம் பவானி அம்மனுக்கு விசேஷம். வேப்பஞ்சேலை கட்ட நேர்ந்துகொண்டவர்களும் பொங்கல் வைக்கிறவர்களும் மொட்டை போடுகிறவர்களும் செங்குன்றம் பக்கமிருந்தும் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தும் வேன் வேனாக வந்தபடி இருப்பார்கள். வேன் கூரையில் விறகுக்கட்டு, பின்சீட்டில் தூங்கும் குழந்தைகள், ஜன்னலில் செருகிய வேப்பங்கொத்து. எங்கள் ஊர் அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். எங்கள் தெருமுனை மாரியம்மனுக்கும் ஞாயிறு காலையில்தான் கூழ் வார்ப்போம். அதனால் சனிக்கிழமை இரவு முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பானைக் களி ஆறிக்கொண்டிருக்கும்.

அந்த ஆறுகிற நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கூழைப் பற்றி எழுதுகிறவர்கள் கேழ்வரகின் சத்தைச் சொல்வார்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து என்பார்கள். உண்மைதான், நல்ல விஷயம்தான். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, கரைத்து ஊற்றுவதற்கு முன்பு, யாரும் தொடாமல் யாரும் கிண்டாமல் இருட்டில் அது சும்மா இருக்கிறதே, அந்தச் சில மணி நேரத்தில் நடக்கிற காரியத்துக்கு ஈடாக ஒரு அதிசயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஹீட் எக்ஸ்சேஞ்சர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. சூடானதைக் குளிர வைப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், எங்கள் திண்ணையில் நடப்பதற்கு முன்னால் கைகட்டி நிற்கத்தான் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை இரவே அம்மா கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்துவிடுவாள். எங்கள் பக்கம் அதைக் கேவுரு என்போம். சனிக்கிழமை மாலைக்குள் அது புளித்துக் குமிழ் விட்டிருக்கும். குண்டானில் உலை வைத்து நொய்யைப் போட்டு, அது குழைந்ததும் புளித்த மாவை ஒருவர் ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் அடிவரைக்கும் கிண்டவேண்டும். கை நின்றால் கட்டி தட்டிவிடும். நேரம் போகப் போகத் துடுப்பு கனக்கும். நிறம் செம்மண்ணிலிருந்து அடர்ந்த பழுப்புக்கு மாறும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. இறக்கிக் கொஞ்சத்தை மண்பானைகளுக்கு மாற்றுவார்கள். மிச்சத்தைச் சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் ஈரக்கையால் உருண்டை பிடித்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போடுவார்கள். பிறகு பானை வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிட்டு விலகிவிடுவார்கள். அவ்வளவுதான் மனிதர் செய்யும் வேலை.

எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும்போது அந்த வேலையில் நான் குறுக்கே புகுந்தேன். அப்போது ஆயா இருந்தது. கூழ் அதன் பொறுப்பு. அந்த வருஷம் எங்கள் உறவில் ஒரு சாவு விழுந்து, வெள்ளி இரவு மாவு கரைக்க ஆளில்லாமல் போய், சனி காலையில்தான் கரைத்தார்கள். களி கிண்டி இறக்கியபோது பொழுது நன்றாக இருட்டிவிட்டது. எல்லாரும் அலுத்துப் படுத்துவிட்டார்கள். திண்ணை விளக்கைச் சுற்றி ஈசல். சுவரில் பல்லி. பானைக்குள் பல்லி விழுந்துவிடுமே என்று எனக்குப் பயம். வேடு கட்டிய துணி போதாது என்று நினைத்து, உள்ளேயிருந்து பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து ஆவி பறந்துகொண்டிருந்த பானைமேல் கவிழ்த்தேன். காற்று தள்ளாதிருக்க மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். அம்மனுக்குப் பெரிய தொண்டு செய்துவிட்ட நிம்மதியோடு போய்த் தூங்கினேன்.

விடிகாலையில் ஆயா தாம்பாளத்தைத் தூக்கியது. தாம்பாளத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஆயா ஒன்றும் பேசாமல் இரண்டு விரலால் களியைத் தொட்டு எடுத்தது. விரலுக்கும் களிக்கும் நடுவே சிலந்தி இழைபோல நூல் நீண்டது. வாடை எனக்கே எட்டியது.

"ஊசிப்போச்சு" என்றது ஆயா. வாழைமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி அதை அப்படியே கொட்டி மூடினார்கள். மாட்டுக்குக்கூட வைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை வையவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கோயில் திசையைப் பார்த்து நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஆறாத பானைய மூடாதடா கண்ணு, பானைக்கு வேர்த்துடும்" என்றது. அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் விளங்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

பானைக்கு வேர்க்கவேண்டும், ஆனால் வேர்வை வெளியே போகவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால், அது எடுத்துக்கொண்டு போகும் சூடு எவ்வளவு தெரியுமா? பத்து லிட்டர் தண்ணீர் 90 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு இறங்கினால் எவ்வளவு சூட்டை விடுமோ, ஏறத்தாழ அவ்வளவு. மனிதன் நெற்றி வேர்வையில், நாயின் நாக்கில், மரத்தின் இலையில் படைத்தவன் வைத்த அதே சட்டத்தை மண்பானையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளிலும் வைத்திருக்கிறான். ஆடியில் மேற்கேயிருந்து மலை தாண்டி வரும் காற்று உலர்ந்து வரும். அது பானையின் பக்கத்தைத் தடவித் தடவிச் சூட்டை இறக்கும். நான் தாம்பாளம் கவிழ்த்தது அந்த மூச்சின் மேல்தான். ஆவி போக வழியில்லாமல் தகட்டில் நீராகி, சொட்டுச் சொட்டாகக் களியின் முகத்தில் திரும்ப விழுந்தது. சூடோ உள்ளேயே அடைபட்டது.

உருண்டை பிடிப்பதிலும் இதே நுட்பம் இருக்கிறது. கட்டியான பொருளின் நடுவிலிருந்து சூடு வெளியே வர எடுக்கும் நேரம், அதன் கனம் பாதியானால் பாதியாகக் குறைவதில்லை, கால்பாகமாகிவிடுகிறது. ஒரு குண்டான் களியின் நடு வயிறு நள்ளிரவு தாண்டியும் கொதகொதவென்றிருக்கும். அதையே கைப்பிடி உருண்டைகளாக்கித் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எங்கள் தொழிற்சாலையில் பாலோ பழச்சாறோ எதுவானாலும், மெல்லிய தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் கனத்தில் ஓடவிட்டு மறுபுறம் குளிர்ந்த நீரை விடும் இயந்திரத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி வைத்த பாலை அப்படித்தான் நொடியில் 4 டிகிரிக்கு இறக்குகிறார்கள். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே என் கண்முன் ஆயாவின் உள்ளங்கை வந்து நின்றது. கனத்தைக் குறை, பரப்பைக் கூட்டு. படிக்காத ஒருத்தியின் கைக்கு அது தெரிந்திருந்தது.

ஏன் இத்தனை அவசரம்? மெதுவாகத்தான் ஆறட்டுமே என்று கேட்கலாம். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத உலகத்தின் கதவு திறக்கிறது.

கொதிக்கும்போது பானைக்குள் உயிர் அநேகமாக இல்லை. அநேகமாக என்றுதான் சொல்லமுடியும். சில பாக்டீரியாக்கள் கஷ்டகாலம் வந்தால் தம்மைத் தாமே விதைபோலச் சுருக்கிக்கொண்டு கெட்டி ஓடு போர்த்துக்கொள்ளும். 100 டிகிரி கொதிநீர்கூட அந்த ஓட்டை உடைக்காது. மண்ணில் இருப்பவை அவை. தானியத்தோடு வீட்டுக்குள் வருகின்றன. 60 டிகிரிக்கு மேல் பெருக வழியில்லாமல் கிடக்கும். சூடு அதற்குக் கீழே இறங்கியதும் அந்த விதைகள் கண்விழிக்கின்றன. வெளியிலிருந்து தூசியிலும் ஈயின் காலிலும் வந்து இறங்குகிறவையும் சேர்ந்துகொள்ளும். தோதான சூடு கிடைத்துவிட்டால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு முறை. ஒன்றேயொன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். உயிர் என்கிற பொருளுக்கு இறைவன் கொடுத்திருக்கிற வேகம் அது. ஆலம்விதையைக் கண்டு வியக்கிறோம், இதையும் வியக்கத்தான் வேண்டும், நமக்கு எதிராக ஓடினாலும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய களி எவ்வளவு நேரம் வெதுவெதுப்பாகத் தங்குகிறதோ அவ்வளவு நேரம் வாசல் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

ஊசிய களியை மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆகாது. மீந்த சோற்றிலும் களியிலும் வளரும் ஒருவகைப் பாக்டீரியா விட்டுப்போகும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாமல் நின்று வாந்தியெடுக்க வைக்கும். ஆயா குழி வெட்டியதுதான் சரி.

நம் பாஷை இதையெல்லாம் எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது! புளித்தது வேறு, ஊசியது வேறு. பூசணம் பூத்தது வேறு, நூல் விட்டது வேறு, சிக்கு வாடை வேறு. மாவு புளித்தால் பெண்களுக்கு முகம் மலரும், அதே மாவு ஊசினால் முகம் சுளிக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலைதான். எந்த உயிர் முந்திக்கொண்டது என்பதைத்தான் அந்த இரண்டு சொற்களும் சொல்கின்றன. நுண்ணோக்கி பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே மூக்காலும் நாக்காலும் கண்டுபிடித்துப் பெயரிட்டுவிட்டார்கள்.

வெள்ளி இரவே மாவு கரைக்கவேண்டும் என்று ஆயா ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தது என்பதற்கும் இதில்தான் விடை. கேழ்வரகு மாவிலேயே ஒருவகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரைத் தயிராக்குகிறவற்றின் சொந்தக்காரர்கள். கூழை ஆராய்ந்தவர்கள் அதில் லாக்டோபேசில்லஸ், வெய்செல்லா என்ற இனங்களைக் கண்டிருக்கிறார்கள். மாவு தண்ணீர் கண்டதும் அவை எழுந்து, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. அமிலத்தை அளக்கும் பிஎச் என்ற அளவுகோலில் 6 என்ற இடத்திலிருந்து மாவு மெல்ல 4-ஐ நோக்கி இறங்கும். பார்க்க இரண்டு எண்தான் வித்தியாசம். ஆனால் அந்தக் கோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு புளிப்பு. 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால், டப்பா உணவுகளில் உயிரைக் குடிக்கும் மிகக் கொடிய நஞ்சுப் பாக்டீரியாவாலும் பெருகமுடியாது.

இனி வருவதுதான் என்னை உருக்குகிற இடம். இப்படி அமிலம் செய்துவைத்த அத்தனை கோடி உயிர்களும் சனிக்கிழமை மாலை உலையில் விழுந்து வெந்து மடிகின்றன. அவை செய்த அமிலம் மடிவதில்லை. அது களியோடு கலந்து நிற்கிறது. வேறெந்தக் காவலும் இல்லாமல் களி ஆறுகிற அந்த இரவில், ஓடுடைத்து எழப் பார்க்கும் கெட்ட விதைகளை எழவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அன்று மாலை செத்தவர்கள் விட்டுப்போன புளிப்பு. பிள்ளைகளுக்காக வீட்டைக் கட்டி வைத்துவிட்டுக் கண்மூடுகிற தாய்தகப்பனை இங்கே நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. களி கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் அவற்றின் வம்சமே பானையின் துளைகளிலிருந்தும் உருண்டை பிடித்த கையிலிருந்தும் காற்றிலிருந்தும் திரும்ப வந்து, புளிப்பான அந்த வீட்டில் குடியேறி, இரண்டாவது முறை புளிக்க வைக்கிறது. புளிப்பு அவற்றுக்குச் சொந்த வீடு, மற்றவற்றுக்கு அனல்.

நான் தாம்பாளம் மூடிய வருஷம் மாவு புளித்தது அரை நாள்தான். ஒரு காவல் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது. இன்னொன்றான ஆடிக் காற்றை நான் பிடுங்கிக்கொண்டேன். இரண்டும் போன வீட்டுக்குள் யார்தான் நுழையமாட்டார்கள்?

பிஎச் அளவுகோல் பிறந்த இடத்தைச் சொன்னால் வியப்பாக இருக்கும். 1909-ஆம் ஆண்டு, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், சோரன்சென் என்ற வேதியியலாளர் உருவாக்கியது அது. பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் எங்கள் ஆயாவுக்கும் இருந்தது ஒரே கவலை. நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்ச மதுவிலக்குச் சட்டம் இடம் தருவதில்லை. குடியால் சீரழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு என்பதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலின் நடுவிலுள்ள அறிவு எல்லா மனிதருக்கும் பொது. முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, கசப்புப் பூக்களோடு கொதிக்கவைக்கிறார்கள். அந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். கொதித்த வோர்ட்டை 20 டிகிரி அளவுக்கு எவ்வளவு சீக்கிரம் இறக்கமுடியுமோ இறக்கி, ஈஸ்ட்டைச் சேர்க்கவேண்டும். சூட்டில் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் அழையாத விருந்தாளிகள் முந்திக்கொள்வார்கள். வெளிநாடுகளில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் செப்புக்குழாயைச் சுருளாக வளைத்துக் கொதிக்கும் பானைக்குள் இறக்கி, குழாய்க்குள் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். ஆறிய சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், மூடி எல்லாவற்றையும் முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு கிருமி போகக் கழுவுகிறார்கள்.

லூயி பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கெட்டுப்போன பீரை நுண்ணோக்கியில் பார்த்து, ஈஸ்ட்டோடு வேறு உயிர்களும் புகுந்திருப்பதைக் காட்டினார். அதற்கும் முன்பே அவர் செய்த பரிசோதனை பள்ளிப் பாடத்தில் வரும். அன்னத்தின் கழுத்துபோல வளைந்த கண்ணாடிக் குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்தார். குடுவை திறந்தே இருந்தது, காற்று தாராளமாகப் போய்வந்தது, ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு கெடவே இல்லை. குடுவையைச் சாய்த்துச் சாற்றை அந்தத் தூசியில் தொடவிட்டதும் கெட்டது. எட்டாம் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் உறைத்தது. ஆவியை வெளியே விட்டு, காற்றை உள்ளே விட்டு, தூசியையும் ஈயையும் மட்டும் நிறுத்துகிற ஒரு வாசல் எங்கள் வீட்டிலும் இருந்தது. துவைத்துக் காயவைத்த வெள்ளை வேட்டித் துணி. ஆயா வேடு கட்டியது. நான் அதை நம்பாமல் தாம்பாளம் தேடிப் போனேன்.

கார்ல்ஸ்பெர்க் ஆலையிலும் ஒரு காலத்தில் பீர் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஹான்சென் என்ற ஆய்வாளர் 1883-இல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வம்சத்தை வளர்த்தெடுத்து, காட்டு ஈஸ்ட்டுகள் கலந்ததுதான் கெட்டதற்குக் காரணம் என்று நிறுவினார். அந்தத் தூய ஈஸ்ட்டை ஆலை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுக்கிற மனசு போலிருக்கிறது இது. படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

இதில் ஒன்றை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்ப்பதுண்டு. சாதாரண பீர் காய்ச்சுகிறவர் யாரைப் பார்த்து நடுங்குகிறார்? லாக்டோபேசில்லஸைப் பார்த்து. அது நுழைந்தால் பீர் புளித்து வீணாகும். கொதியில் சேர்க்கும் கசப்புப் பூவின் ஒரு முக்கிய வேலையே அதைத் தடுப்பது. எங்கள் திண்ணையில் அதே குலத்துக்காகத்தான் நாங்கள் பானையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறோம். அங்கே திருடன், இங்கே வீட்டுக்குச் சொந்தக்காரன். படைப்பில் கெட்ட உயிர் என்று ஒன்றைத் தனியாக இறைவன் செய்யவில்லை போலும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பானையும் ஒரு சூடும் ஒரு நேரமும் ஒதுக்கி வைத்திருக்கிறான்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் இன்னும் பழைய முறையில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் செய்கிறார்கள். 1900-இல் தொடங்கிய கான்டிய்யோன் என்ற ஆலை இன்றும் அப்படித்தான் செய்கிறது. மேல்மாடியில் நீச்சல்தொட்டி போல அகலமும் ஆழக்குறைவுமான செப்புத் தொட்டியில் கொதித்த சாற்றை ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ராக்காற்றில் ஆறவிடுவார்கள். ஈஸ்ட் எதையும் கையால் சேர்ப்பதில்லை. காற்றும் கட்டடத்தின் மரமும் கொண்டுவந்து சேர்ப்பதுதான். குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். கோடையில் ஆற நேரமாகும், வேண்டாதவை பெருகிவிடும். காலம் பார்த்து, காற்றுப் பார்த்து, தொட்டியைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிற அந்த மனிதர்களுக்கு ஆயா பேசுவது ஒரு சொல்கூட விளங்காவிட்டாலும் செய்வது விளங்கும்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் நம் கேழ்வரகையே வேகவைத்து, மூங்கில் பாயில் பரப்பி ஆறவிட்டு, ஆறிய பிறகே மார்ச்சா என்ற உறைமாவைத் தூவிப் புளிக்கவைக்கிறார்கள். இன்னும் கிட்டே வந்தால் நம் தொண்டைநாடே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசியில் மது செய்யும் விதம் படிப்படியாக வருகிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சுவது, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி நன்றாக ஆற்றுவது, பிறகு முளைதானியத்தை அரைத்துக் கலப்பது, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைப்பது, வாய் வலுத்த சாடியில் முற்றவிடுவது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முளை கலப்பதற்கு முன்பே ஆற்றிவிடுகிறார்கள். முளையிலிருக்கும் நொதிதான் மாவைச் சர்க்கரையாக்குவது. கொதியில் போட்டால் அது வெந்து வீணாகிவிடும். ஆற்றும் பாத்திரத்துக்கு வாய் அகலமாக இருக்கவேண்டும் என்று, பெயர் தெரியாத ஒரு வீட்டுப்பெண் கண்டுகொண்டதைப் புலவர் பார்த்துப் பாட்டில் வைத்திருக்கிறார். கோபன்ஹேகனிலும் பிரஸ்ஸல்ஸிலும் நான் தேடிப் படித்ததெல்லாம் எங்கள் நாட்டுப் பாட்டில், எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் வண்டிப் பயணத்துக்குள் ஆண்ட அரசனின் பாட்டில், இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பானையைச் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. மண்பானைக்குச் சோப்பு ஆகாது, மண் அதைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கூழில் விடும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். கழுவியபின் ஆடி வெயிலில் கவிழ்த்து ஒரு பகல் முழுக்கக் காயவைக்கவேண்டும். காயாத பானையில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். பானை கழுத்தில் மஞ்சள் தடவி வேப்பிலை கட்டுவோம். அந்த இலை பானைக்குள் போவதில்லை, ஆகவே கூழை அது காப்பாற்றுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேப்பிலை கட்டிய பானையைக் கைகழுவாமல் ஒருவரும் தொடமாட்டார்கள். எச்சில் கரண்டியை விடமாட்டார்கள். குழந்தைகூட எட்டிநின்று கும்பிட்டுவிட்டுப் போகும். பக்தியை அப்படி ஒரு வேலியாகப் பானையைச் சுற்றி நட்டுவைத்தவர்களின் அறிவை நான் வணங்குகிறேன்.

மனம் பதறுகிற ஒரு காட்சியும் உண்டு. இப்போதெல்லாம் சில இடங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கூழ் ஊற்றும்போது, இரவெல்லாம் காப்பாற்றிய களியை விடிகாலையில் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, டேங்கர் தண்ணீரைப் பச்சையாக ஊற்றிக் கரைக்கிறார்கள். களிக்கு மட்டும்தான் புளிப்புக் காவல் இருக்கிறது, அந்தத் தண்ணீருக்கு இல்லை. கரைத்து ஐந்து நிமிஷத்தில் குழந்தைகள் குடித்துவிடுகிறார்கள், புளிப்பு வேலை செய்யவும் நேரமில்லை. கரைக்கிற தண்ணீரைச் சனிக்கிழமையே கொதிக்கவைத்து ஆற்றி மூடிவைத்தால் போதும். விறகுச் செலவு கொஞ்சம் கூடும். அம்மன் பேரைச் சொல்லிக் கொடுக்கிற கூழ் ஒரு குழந்தையின் வயிற்றைக்கூட நோகச் செய்யக்கூடாது. இதை எங்கள் ஊரில் வீடுவீடாகப் போய்ச் சொல்லி வருகிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

போன ஆடியில் கூழுக்கு நான் பொறுப்பு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, கண் மங்கிவிட்டது, துடுப்பு பிடிக்கத் தோளில் வலுவில்லை. களியை நானும் என் மகளும் மாறி மாறிக் கிண்டினோம். ஐந்து பானைகளையும் வரிசையாகப் பிரிமணையில் உட்காரவைத்து வேடு கட்டினேன். பத்து மணி வாக்கில் மகள் உள்ளே போய் ஒரு தட்டத்தோடு வந்தாள். "அப்பா, பல்லி விழுந்துடும்பா, மூடிடட்டுமா?" என்றாள். அவள் கையிலிருந்த தட்டத்தை வாங்கிக் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்துப் புறங்கையைப் பானையின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சூடு. துணிக்கு மேலே கையை நீட்டச் சொன்னேன். இளஞ்சூடான ஈரம் அவள் உள்ளங்கையில் வந்து படிந்தது. இருட்டில் பெரியபாளையம் ரோட்டில் உடுக்கைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. அவள் கையை எடுக்கவே இல்லை.

நாலரை மணிக்கு எழுந்தோம். பானைகள் குளிர்ந்திருந்தன. துணியை அவிழ்த்ததும் மகள் விளக்கைக் கிட்டே பிடித்தாள். உருண்டை ஊறிய தண்ணீர் லேசாகக் கலங்கி, ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் கண்திறந்துகொண்டிருந்தன. ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவள் பார்க்கவில்லை. முகத்தருகே வாங்கி மூச்சை இழுத்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"புளிச்சிருக்கு. வெங்காயம் அரிஞ்சியா?" என்றாள்.